மதாம் கீழே வரை பார்ப்பதில்லை

எந்த இணையதளத்தையும் மதாம் படித்து நான் கண்டதில்லை. பார்ப்பார், அவ்வளவுதான். போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவைப் பார்ப்பது போல ஒரு பார்வை. விரல் திரையில் படாது. பிறகு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "முகம் சொல்லிடும்மா" என்பார். அதோடு தீர்ப்பு முடிந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியாது.

இதை நான் நியாயமாக எழுதப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்துகொண்டே படிக்கலாம்.

மதாம் என்று கூப்பிட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. காரைக்காலில் அந்தச் சொல் இப்போது பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சில பெரியவர்களின் வாயில்தான் மிச்சமிருக்கிறது. மதாமின் குடும்பத்தில் பென்ஷனும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. "மேடம்னு ரேஷன் கடையிலகூட கூப்பிடறாங்க. மதாம்னா அதுக்கு ஒரு தோரணை இருக்கு" என்பார். பாரதியார் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே அவருடைய சாஃப்ட்வேர் ஆபீஸ் இருந்தது. கண்ணாடிக் கதவு. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் கம்ப்யூட்டர் புத்தம் புதியது, பெரிய திரை கொண்டது. அதில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். நாங்கள் மூன்று பேர் வேலை செய்த கம்ப்யூட்டர்கள் தடுப்புக்குப் பின்னால், பீரோவுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் இருந்தன. அதில் ஒன்றை ஆன் செய்துவிட்டுக் கீழே போய் டீ குடித்து வந்தால் சரியாக இருக்கும்.

எனக்கு அங்கே வேலை கிடைத்ததும் அந்தப் பார்வையால்தான். நான் சுரக்குடிக்காரி. வீட்டில் நடவும் அறுப்பும்தான் தொழில். என் பயோடேட்டாவைத் திருநள்ளாற்றில் ஜெராக்ஸ் கடை அண்ணன் தன் இஷ்டத்துக்கு நீலத்தில் கரை போட்டு அச்சடித்துக் கொடுத்திருந்தார். மதாம் அதைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "சுத்தமா போட்டிருக்க. திங்கக்கிழமை வந்துடு" என்றார். எனக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு நிறையத் தெரியும். அதைச் சொல்ல நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது வீணாகப் போனது.

மதாமுக்குப் பல்வலி வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற பல் டாக்டர்கள் எல்லார் போர்டையும் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டு போய், பச்சை எழுத்தில் அழகாக விளக்குப் போட்டிருந்த ஒருவரிடம் இறங்கினார். அந்த ஆள் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். கன்னத்தில் ஐஸை வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்த மதாம் எங்களிடம் சொன்னது இதுதான்: "ஆனா க்ளினிக்க நீங்க பாக்கணும். சோபால ஒரு கறை கெடையாது." அடுத்த மாதம் தன் அக்காவை அதே டாக்டரிடம் அனுப்பினார். இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, அந்த அக்காவே வந்து எங்களிடம் திட்டிவிட்டுப் போனார்.

அவர் முட்டாள் இல்லை. அப்படி இருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. தருமபுரத்தில் நஷ்டத்தில் ஓடிய ஒரு பேக்கரிக்குப் போர்டையும் உள்விளக்கையும் மாற்றச் சொன்னார். கேக் அதே கேக்தான். இரண்டு மாதத்தில் கூட்டம் வந்துவிட்டது. "பாத்தியா" என்று எங்களைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். சின்ன வயதில் புதுச்சேரியில் ஓர் ஆபீஸுக்கு வேலை கேட்டுப் போனபோது, காலில் போட்டிருந்த ரப்பர் செருப்பைப் பார்த்து வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிட்டானாம். சர்டிபிகேட்டைப் பையிலிருந்து எடுக்கக்கூட விடவில்லையாம். "உள்ள என்ன இருக்குன்னு பாக்க எவனுக்கும் நேரம் இல்லம்மா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்று ஒரு நாள் சொன்னார். கதை உண்மையாக இருக்கலாம். செருப்பைப் பார்த்துத் துரத்தப்பட்டவர், பிறகு வாட்ச்மேனாகத்தான் ஆவேன் என்று முடிவு பண்ணினால் அதற்கு நான் என்ன செய்வது?

கோட்டுச்சேரிமேட்டில் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். எந்தப் படகு கடலுக்குப் போயிருக்கிறது, எது திரும்பிவிட்டது என்று கம்ப்யூட்டரில் பார்க்க ஏதாவது செய்து தர முடியுமா என்று மதாமிடம் கேட்டார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது. திரையில் படகுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். போன படகு சிவப்பு, திரும்பிய படகு பச்சை. காற்று எச்சரிக்கை வந்தால் திரையில் மிச்சம் இருக்கிற சிவப்பைப் பார்த்து ஒயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டியதுதான். சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் செல்வமணி அண்ணன். பாதி வாழ்க்கை கடலில், மீதி வாழ்க்கை முதுகுவலியோடு கரையில் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வார்.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லி எழுதுவதற்கு மொழிகள் பல உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் அதைச் செய்தவர்கள் ஓர் இணையதளம் வைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய மொழி. அதன் தளத்தில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, கோடு போட்ட நீல இணைப்புகள். படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எந்தச் சந்தேகத்தோடு போனாலும் அங்கே பதில் இருக்கும். "இந்த இடத்தில் எங்கள் மொழி சரியாக வேலை செய்யாது, கவனம்" என்று தங்கள் குறையைத் தாங்களே எழுதி வைத்திருந்தார்கள். நான் அவர்களை நம்பியது அதைப் படித்துத்தான். தன் குறையை முதலில் சொல்கிற ஆளிடம் நான் தைரியமாகச் சாமான் வாங்குவேன்.

நிரல் எழுதிச் சங்கத்தில் போட்டுக் கொடுத்தேன். அந்த வெயில் காலம் முழுக்க ஒரு நாளும் நிற்கவில்லை. நெட் வரும், போகும். கரண்ட் வரும், போகும். அது பாட்டுக்கு ஓடியது. செல்வமணி அண்ணன் என்னைச் சுரக்குடிப் பொண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார். போகும்போதெல்லாம் அவர் தம்பி மனைவி எனக்குக் கருவாடு கட்டிக் கொடுப்பார். வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கே கேட்டார்கள்.

ஒரு நாள் மதாம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இத எதுல எழுதுன?" சொன்னேன். போனை எடுத்தார், கையை நீட்டினார், பார்த்தார், கவிழ்த்தார்.

"இது என்னம்மா, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரி இருக்கு."

"பழசுதான் மதாம். ஆனா நிக்காது. சங்கத்துல இருக்குற கம்ப்யூட்டரும் பழசு, நெட்டும் சரியா இல்ல. இது ரெண்டையும் தாங்கும்."

"தாங்கும்னு உனக்குத் தெரியும். நாளைக்கு வேற ஊர் சங்கத்துக்காரங்க வந்து பாப்பாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? தன் வீட்டு வாசலையே கூட்டாதவன் உள்ள என்னத்த ஒழுங்கா வச்சிருப்பான்?"

"உள்ள போய் ஒரு பக்கம் படிச்சுப் பாருங்களேன்."

"முகம் சொல்லிடும்மா" என்றார்.

அடுத்த வாரமே அவரே ஒரு மொழியைக் கொண்டுவந்தார். கத்தரிப்பூ நிறத்தில் தளம். எழுத்துகள் ஒவ்வொன்றாக நழுவி வந்து நின்றன. நடுவில் ஓர் ஆக்டோபஸ், எட்டுக் கையிலும் எதையோ பிடித்துக்கொண்டு சிரித்தது.

"இத பாரு. எப்படிச் சிரிக்குது பாரு. இதுல மாத்தி எழுது."

"மதாம், இது வந்தே ஒரு வருஷம் ஆவல. திறக்கறப்பல்லாம் அவங்க சர்வர்லேருந்து ஒண்ணு வந்தாத்தான் ஓடும். வரலன்னா நின்னுடும். படகுக்காரங்களுக்கு இது வேணாம்."

"நல்ல நெட் போட்டுக்கச் சொல்லு."

"எழுதச் சொல்றீங்க, எழுதறேன். ஆனா நான் வேணாம்னுதான் சொல்றேன்."

"சரி, சொல்லிட்ட. எழுது" என்றார். எழுதினேன். சம்பளம் அவர் கொடுப்பது. பழைய நிரலைச் சங்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடவும் சொன்னார். இரண்டும் இருந்தால் குழப்பமாம். புதியதைப் போட்ட அன்று செல்வமணி அண்ணன் ஆக்டோபஸை வெகுநேரம் பார்த்தார். "இத நாங்க கொழம்பு வக்கிறதாச்சே பாப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மதியம் காற்று எச்சரிக்கை வந்தது. செல்வமணி அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்தார். படகுகள் வரவில்லை. ஆக்டோபஸ் மட்டும் வந்து கைகளை ஆட்டிக்கொண்டே இருந்தது. எனக்குப் போன் செய்தார். மழையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த மொழியைச் செய்தவர்கள், நான் எழுதப் பயன்படுத்திய பழைய பதிப்பைத் தங்கள் சர்வரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் தங்கள் தளத்தில் அறிவிப்புப் போட்டிருந்தார்கள். கத்தரிப்பூ நிறத்துக்கெல்லாம் கீழே, கடைசியில், பொடி எழுத்தில் அது இருந்தது.

செல்வமணி அண்ணன் கரையில் நின்று, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லி ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். யார் போனார்கள், யார் அன்றைக்குப் போகவில்லை என்று வீடு வீடாகக் கேட்க ஆள் ஓடியது. நான் சங்கக் கட்டடத்துக்குள் அந்தப் பாழாய்ப்போன திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக வந்தது கடல்ராணி. அதில் செல்வமணி அண்ணனின் தம்பி இருந்தார். அவர் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். படகு கரையில் முட்டும்வரை அவர் அழவில்லை, பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பதை அங்கே நின்ற எல்லாரும் பார்த்தோம்.

மறுநாள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மதாம் வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒரு மடிப்புக் கலையவில்லை. நான் அதற்குள் ஸ்கூட்டியில் மழையில் வந்து, சுடிதாரில் முழங்கால் வரை சேறோடு நின்றேன். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்கள். மதாம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "புதுப் பொண்ணு. அவசரப்பட்டுச் செஞ்சிட்டா. நான் சரி பண்ணித் தரேன்."

நான் வாயைத் திறந்தேன். மதாம் என் முழங்கையில் மெல்லக் கை வைத்து, "அப்பறம் பேசலாம்மா" என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். என்னையும் என் சேற்றையும் பார்த்தார்கள். அவ்வளவுதான், தீர்ந்தது. செல்வமணி அண்ணன் மட்டும், திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "உன்ன நம்பித்தானே பாப்பா படகுங்கள அனுப்பிச்சோம்."

அந்த வாரமே மதாம் என்னைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். வேலை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விளக்கம் சொல்லலாம் என்று கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். எனக்குக் கருவாடு கட்டிக் கொடுத்த அந்தத் தம்பி மனைவி, "வேல தெரியாதவங்க ஏன் இதுல கை வக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சுரக்குடியில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அந்த ஊர்க்காரர். கூடையை இறக்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அந்த ஆக்டோபஸ் பொண்ணு நீதானா?" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடலோரம் முழுக்க என் பெயர் அதுவாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்தப் பெயரை அழிக்க வேண்டும். யாரால் அது வந்ததோ அவர் வாயாலேயே அழிக்க வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட வராது. உட்கார்ந்து வேலை செய்வேன்.

ஒரு மொழிக்கு இணையதளம் செய்தேன். மொழி கிடையாது, தளம் மட்டும். மரே என்று பெயர் வைத்தேன். கடல் ஏறி இறங்குவதற்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சந்தன நிறப் பின்னணி. அதில் ஒரே ஓர் அலைக்கோடு, மூச்சு விடுவது போல மெல்ல ஏறி இறங்கும். நடுவில் பெரிய எழுத்தில் "நாளைக்கான மொழி" என்று ஆங்கிலத்தில் போட்டேன். இன்றைக்கு அது இல்லை என்பதால் அதில் பொய் ஒன்றும் இல்லை. கீழே கீபோர்டின்மேல் கைகள் இருக்கும் படங்கள் சில. அவை என் தம்பியின் கைகள். வயல் வேலை செய்த கைகள் என்பதால் படத்தில் மிக நன்றாக வந்தன. படங்களுக்கும் கீழே, மற்ற எழுத்துகளின் அதே அளவில், ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் இப்படி எழுதினேன்: "மரே என்று ஒரு மொழி கிடையாது. இந்தப் பக்கம் மட்டும்தான் உண்டு. இதுவரை வந்து படித்ததற்கு நன்றி."

கூடப் படித்த தோழிகளிடம் காட்டிப் பார்த்தேன். எல்லாரும் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே கீழே போய், படித்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பொறி ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற அளவில் அமைந்துவிட்டது.

மதாமின் ஆபீஸில் என்னோடு வேலை செய்த இருவருக்கும் அதை அனுப்பினேன். மதாம் பின்னால் வரும்போது திரையில் திறந்து வைத்திருங்கள் என்று மட்டும் சொன்னேன். இருவரும் கீழே வரை படித்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னை அனுப்பிய பிறகு "புதுப் பையன், அவசரப்பட்டுட்டான்" என்று அவர்களும் மதாம் வாயில் ஆளுக்கொரு முறை ஆகியிருந்தார்கள். மதாம் பின்னால் வந்து நின்றாராம். தலையைச் சாய்த்துப் பார்த்தாராம். "இத எனக்கு அனுப்பு" என்றாராம்.

பொங்கல் கழிந்து சங்கத்தின் வருடக் கூட்டம் வந்தது. மீன்கார அக்காதான் சேதி சொன்னார். ஆக்டோபஸ் பொண்ணு என்று கூப்பிட்டாலும் அவர் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. "அந்தம்மா புதுசா ஏதோ கொண்டாராங்களாம். செவத்துல படம் காட்டப் போறாங்களாம்." நானும் வருகிறேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "வா" என்றார்.

கூடம் நிறைந்திருந்தது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் சுவரோரம் பாயில். நான் பின்னால் நின்றேன். மதாம் மைக்கைப் பிடித்திருந்தார். சுவர் முழுக்க என் சந்தன நிறம். என் அலை ஏறி ஏறி இறங்கியது. லேப்டாப் பக்கத்தில் செல்வமணி அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"போன தடவ நடந்தது மாதிரி இனிமே நடக்காது" என்றார் மதாம். "இனிமே எல்லாம் இதுல. உலகத்துலயே புதுசு. நம்ம கோட்டுச்சேரிமேட்டுலதான் முதல்ல வருது. முகத்தப் பாருங்க, இத நம்பலாமா வேண்டாமான்னு உங்களுக்கே தெரியும்."

நன்றாக இருக்கிறது என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"கொஞ்சம் கீழ போங்க மதாம்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "யாரும்மா அது?" என்றார் செல்வமணி அண்ணன்.

"நாந்தாண்ணே, சுரக்குடிப் பொண்ணு. அத கீழ தள்ளச் சொல்லுங்க. கடைசி வரைக்கும்."

மதாம் சிரித்தார். "மேல இருக்குறதுதாம்மா விஷயம். கீழ சும்மா அட்ரஸ் அது இதுன்னு இருக்கும்."

"இருக்கட்டுமே. பாப்போம்" என்று செல்வமணி அண்ணன் மவுஸ் சக்கரத்தை உருட்டினார். அலை மேலே போய் மறைந்தது. என் தம்பியின் கைகள் போயின. சுவரில் அந்த வரிகள் வந்து நின்றன. பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதென்று அவர் மதாமின் கையிலிருந்த மைக்கின் பக்கம் சாய்ந்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "மரே என்று, ஒரு மொழி, கிடையாது. இந்தப் பக்கம், மட்டும்தான், உண்டு."

முதலில் மீன்கார அக்காதான் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. மதாமோடு வந்திருந்த ஆபீஸ் பையன்கள் இருவரும் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை மாதமாக இதற்குக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். உடம்பெல்லாம் குளிர்ந்தது. நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மதாம் சிரிப்பு அடங்கும்வரை சுவரையே பார்த்தார். ஓர் அடி பின்னால் வைத்து, தலையைச் சாய்த்து, வழக்கம்போல.

"யாரு பண்ணுனது இது?"

"நான்."

"கலர் நல்லா எடுத்திருக்க" என்றார்.

கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார். அத்தனை பேர் சிரித்த அந்த இடத்தில் நின்றுகொண்டு அவர் பார்த்தது கலரை. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகவும் அவரை நான் மன்னிக்கவில்லை.

"கலர் கெடக்கட்டும் மதாம். அந்த ஆக்டோபஸ எடுத்தது யாரு, வேணாம்னு சொன்னது யாரு? இவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனார். "நான்தான் எடுத்தேன். இவ வேணாம்னுதான் சொன்னா. பழசு நல்லாத்தான் ஓடிச்சு, அத எடுக்கச் சொன்னதும் நான்தான்."

பாயிலிருந்து செல்வமணி அண்ணனின் தம்பி மனைவி எழுந்து நின்றார். "அப்ப அன்னிக்கு ஏன் இந்தப் பொண்ணு மேல போட்டீங்க?"

மதாம் கொஞ்சம் யோசித்தார். பிறகு, கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போலத்தான் சொன்னார்: "நீங்க என்னையும் பாத்தீங்க, இவளையும் பாத்தீங்க. யார நம்புவீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

கேட்டவர் உட்கார இடம் தேடுவது போல் அங்கேயே நின்றார். மதாம் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு நடுவழியே நடந்து வெளியே போனார். புடவையில் அன்றைக்கும் ஒரு மடிப்புக் கலையவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

செல்வமணி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு வந்து அந்தப் பழசையே போட்டுக் குடு பாப்பா."

போட்டுக் கொடுத்தேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. மீன்கார அக்கா இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மதாம் பாரதியார் சாலை ஆபீஸை மூடிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கிறாராம். அதில் அவர் கெட்டிக்காரராக இருப்பார், சந்தேகமே இல்லை.

மரேயின் பக்கத்தை நான் எடுக்கவில்லை. அதில் யாரும் எழுதிக் கேட்க ஒரு பெட்டி வைத்திருந்தேன். மொழி எப்போது வெளிவரும் என்று, படித்துப் பார்க்காமலே எங்கெங்கிருந்தோ கேட்கிறார்கள். சிலர் வேலை கேட்டு பயோடேட்டா அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் நான் அனுப்பும் பதில் ஒன்றுதான்: கடைசி வரை படித்துப் பாருங்கள்.

போன மழைக்காலத்தில் அந்தப் பெட்டியில் தமிழில் ஒரு சேதி வந்தது. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

"கடைசி வரியை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்துல, மேல கொண்டாந்து போடும்மா. பாக்குறவங்க கண்ணுல படணும்."

மதாம் கீழே வரை வந்திருக்கிறார். அந்தப் பெட்டி அந்த வரிக்கும் கீழேதான் இருக்கிறது. இன்னொரு முறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எழுத்தைப் பெரிதாக்கவில்லை. வரியை மேலே கொண்டுபோகவும் இல்லை. அது அங்கேதான் இருக்கும்.